குமிழ் வரும் நேரம்

ஜூலை 18, வியாழன்

மாதா கோயில் பங்கில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வதை முதலில் திருத்திவிடுகிறேன். என் மருமகளை நான் வீட்டைவிட்டு அனுப்பவில்லை. "தொட்டியா, நானா?" என்று நான் கேட்டதாகவும், அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகவும் சொல்வதில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. நான் அப்படிக் கேட்கவில்லை. தொட்டியும் போகவில்லை, சாப்பாட்டு அறையின் கிழக்கு ஜன்னலில்தான் இருக்கிறது. போனவள் பூங்கோதை மட்டும். ஆராய்ச்சிக் கப்பலில் மூன்று வாரம் வங்கக் கடலில் இருப்பாள். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி திரும்புகிறாள். கப்பலில் போன் கிடையாது.

என் மகன் ரெனியும் கப்பலில்தான் இருக்கிறான். அது சரக்குக் கப்பல். ஜனவரியில் கல்யாணம் முடிந்து ஆறாவது வாரம் போனவன் இன்னும் வரவில்லை. ஆகவே இந்த வீட்டில் நானும் அவளும் மட்டும். கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண். வஞ்சிர மீனைப் பார்த்தால் முகம் சுளிப்பாள்; அழுகிய சேற்றைப் பார்த்தால் முகம் மலர்வாள்.

தொட்டியைப் பற்றி எழுத வேண்டும். கண்ணாடித் தொட்டி. அடியில் கறுப்புச் சேறு. அதன்மேல் வெல்வெட் துணி விரித்ததுபோலக் கரும்பச்சைப் படலம். அதற்கு மேல் உப்பு நீர். நான் அதைப் பாசி என்றேன். "பாசி மாதிரி இருக்குதுங்க மாமி, ஆனா பாக்டீரியா. சயனோபாக்டீரியா" என்று திருத்தினாள். திருத்தியது சரிதான். என்னை இந்த வீட்டில் யாரும் திருத்தி வெகுகாலமாயிற்று.

ஊருக்கு வெளியே ஒரு பழைய உப்புப் பாத்தியிலிருந்து அவள் எடுத்து வந்தது. மார்ச் மாதம் அந்தப் பாத்தியைச் சரளை கொட்டி மூடி, மேலே கிடங்கு கட்டிவிட்டார்கள். வேறு எந்தப் பாத்தியிலும் இந்த வகை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆக, மிச்சம் இந்தத் தொட்டி ஒன்றுதான். இது செத்தால் அவளுடைய ஆராய்ச்சியும் முடிந்தது. இந்த ஊரில் அவளுக்கு வேலையும் முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் கூரை வேலை நடப்பதால் இங்கே கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்: ஜன்னலைத் திறந்து வெயில் படவிட வேண்டும். நீரை மாற்றக் கூடாது. எதையும் உள்ளே போடக் கூடாது. தினமும் நாற்றம், நிறம், படலத்தில் முதல் குமிழ் வரும் நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். கப்பல் ஏஜென்சியில் முப்பது ஆண்டு கடிதப் பிரிவைக் கவனித்தவள் நான். எழுதச் சொன்னால் எழுதுவேன்.

இன்று: நாற்றம், அழுகிய முட்டை. நிறம், கரும்பச்சை. முதல் குமிழ், பத்தரை மணிக்கு.

ஜூலை 20, சனி

வெயில் ஆறேகால் மணிக்கே தொட்டியில் விழுகிறது. குமிழ் பத்தரைக்குத்தான் வருகிறது. நாலு மணி நேரம் வெயிலில் என்ன செய்துகொண்டிருக்கின்றன? எங்கள் கான்வென்ட்டில் மணி அடித்த பிறகு வருகிறவர்கள் வாசலில் முழந்தாளிட வேண்டும்.

சனிக்கிழமை வழக்கப்படி வெள்ளிச் சாமான்களைப் பல்பொடி போட்டுத் தேய்த்தேன். என் பதக்கத்தையும்தான். 'ஒழுங்குக்கும் தூய்மைக்கும்' என்று பொறித்தது. பள்ளி இறுதி ஆண்டில் மதர் ஜெர்மெய்ன் கையால் வாங்கியது. வழக்கத்தைவிட மங்கியிருந்தது. சாப்பாட்டு அறை அலமாரியில் இருப்பதனால் இருக்கலாம்.

பக்கத்து வீட்டு லியோனி வந்தாள். என் கணவரின் தங்கை. வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மதினி, உள்ள என்னத்த அவிச்சி வச்சிருக்கிய? தெரு முக்குல திரும்பும்போதே அடிக்கி."

"ஆராய்ச்சி."

"திருவிழாவுக்குக் கொழும்புலயிருந்து பிரிஜித் அக்கா வாறாவ. கொடியேத்தத்துக்கு வந்து இங்கதான தங்குவாவ? இந்த நாத்தத்துலயா சோறு திங்கச் சொல்லுதிய?"

"வாழ்க்கையில அவளும் கொஞ்சம் ஆராய்ச்சி தெரிஞ்சிக்கட்டும்" என்றேன். ஆனால் அவள் போன பிறகு யோசித்தேன். பனிமய மாதா திருவிழாவுக்கு வரும் உறவினருக்கு என் வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்ல இதுவரை இடம் கொடுத்ததில்லை.

ஜூலை 21, ஞாயிறு

நாற்றம் அதிகம். பூசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் சேலையை முகர்ந்தார். முதல் குமிழ், பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.

ஜூலை 22, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். இவை மூச்சு முட்டிக் கிடக்கின்றன. நாற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே காற்றோட்டம் இல்லை. இது எந்த வீட்டுக்கும் பொருந்தும். காலையில் நேரத்துக்குக் குமிழ் விட முடியாதது அதனால்தான்.

என் கணவர் ஜோனாஸ் மீன் வளர்த்தபோது வாங்கிய காற்று மோட்டார் பரணில் இருந்தது. அவர் இறந்துபோனதும் மீன்களைக் கொடுத்துவிட்டேன். மோட்டாரை யாரும் கேட்கவில்லை. துடைத்து, குழாயை மாற்றி, தொட்டி மூடியின் ஓரத்தில் விட்டு ஓடவிட்டேன். தாளில் நீரை மாற்றக் கூடாது என்றுதான் இருக்கிறது, நான் மாற்றவில்லை. எதையும் போடக் கூடாது என்றிருக்கிறது. காற்றைப் போடுவது என்று யாரும் சொல்வதில்லை. மோட்டாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதப்படாததை மீற முடியாது.

நாலு ஆண்டுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். அதே சத்தம்தான். சாப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்து தையல் வேலையை முடித்தேன்; வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது.

ஜூலை 24, புதன்

வெற்றி. நாற்றம் இல்லை. நீர் தெளிந்துவிட்டது. சேற்றின் மேல்பகுதி கறுப்பு மாறிப் பழுப்பாகியிருக்கிறது. முதல் குமிழ், ஏழு மணிக்கு! அதன்பின் வரிசையாக, முத்துச் சரம்போல. தவிர, கண்ணாடியின் மூலையில் புதிதாக இளம்பச்சை ஒன்று படர்ந்திருக்கிறது. நல்ல அழகான பச்சை. பூங்கோதை வந்து பார்த்தால் என்ன சொல்வாள் என்று எண்ணிக்கொண்டேன். நன்றி சொல்லத் தேவையில்லை.

லியோனி உள்ளே வந்து நாலு புறமும் முகர்ந்து பார்த்தாள். "மதினி, நீங்க பண்ணுனா எதுவும் சுத்தம்தான்" என்றாள். அறுபது ஆண்டுப் பழக்கத்தில் அவள் சொன்ன முதல் சரியான சொல்.

ஜூலை 26, வெள்ளி

கொடியேற்றம். கூட்டத்தில் நின்று முழங்கால் வலி. கொழும்பு பிரிஜித் வந்துவிட்டாள். மாடி அறையில் தங்கியிருக்கிறாள். மக்ரூன் போட்டேன். முட்டையின் வெள்ளைக் கருவை அடித்து எழுப்ப லியோனி உதவினாள். கை ஓய்ந்ததும் வாய் தொடங்கியது.

"மதினி, ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்."

"அப்ப சொல்லாத."

"ஒங்க மருமவ போறதுக்கு முந்தி எங்கிட்ட வந்தா. வாடகைக்கு ஒரு வீடு பாத்துக் குடுங்கன்னா. சின்னதா இருந்தாப் போதுமாம். கெழக்க பாத்த ஜன்னல் இருக்கணுமாம்."

நான் சர்க்கரையைச் சலித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"எதுக்காம்?"

"தொட்டி வைக்கத்தான். மாமிக்குத் தொந்தரவா இருக்கு, அவங்க வாய்விட்டுச் சொல்லமாட்டாங்கன்னா. மதினி, நீங்க வாய்விட்டுச் சொல்லமாட்டியன்னு சொன்ன மொத ஆள் அவதான்" என்று லியோனி சிரித்தாள்.

வேறு வீடு பார்ப்பது அவளுடைய உரிமை. எனக்கு அதில் ஒன்றுமில்லை. மக்ரூன் கொஞ்சம் கருகிவிட்டது.

ஜூலை 27, சனி

பூங்கோதை தன் கட்டுரையின் பிரதியை ஆங்கிலம் திருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்துப் போயிருந்தாள். தொட்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போட்டிருந்தேன். இன்று காலைச் சாப்பாட்டுக்குப் பின் சிவப்பு மையோடு உட்கார்ந்தேன். முதல் இரண்டு பக்கத்தில் பதினேழு இடம் திருத்தினேன். மூன்றாம் பக்கத்தில் மை தொடவில்லை.

புரிந்தவரை எழுதுகிறேன். செடிகொடிகளும் சாதாரணப் பாசிகளும் வெயிலில் தண்ணீரைப் பிளந்து உயிர்வாழ்கின்றன. அப்போது வெளிவரும் ஆக்சிஜன்தான் குமிழ். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு, சேற்றிலிருந்து வருவது. தண்ணீரைப் பிளக்கும் உறுப்பை அது அடைத்துவிடும். மற்றவையென்றால் அங்கேயே முடிந்தது. ஆனால் பூங்கோதையின் பூச்சிகள் (பூச்சிகள் அல்ல, தெரியும்) அந்த உறுப்பை ஓய்வில் விட்டுவிட்டு, இன்னொன்றை மட்டும் வைத்து வேலையைத் தொடர்கின்றன. தண்ணீருக்குப் பதிலாக அந்த நாற்றத்தையே எடுத்துக்கொள்கின்றன. இந்த மாற்றத்துக்கு உள்ளே ஒரு புதிய கருவியைத் தயார் செய்ய வேண்டும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். இந்த வேலையில் ஆக்சிஜன் வராது. ஆகவே குமிழும் வராது. கந்தகத் துகள்தான் மிஞ்சும். இரவில் சேற்றிலிருந்து ஏறிய நாற்றத்தையெல்லாம் காலையில் இப்படித் தின்று தீர்த்த பிறகு, பழைய வேலைக்குத் திரும்பிக் குமிழ் விடுகின்றன.

பத்தரை மணிக்குக் குமிழ் வந்தது சோம்பேறித்தனத்தினால் அல்ல. ஆறேகால் மணியிலிருந்து வேலை நடந்துகொண்டிருந்தது. பூங்கோதையின் ஆராய்ச்சியே அந்த நாலு மணி நேரம்தான். அதை நான் மோட்டார் வைத்து ஊதித் தள்ளிவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் இது: நாற்றம் நீண்ட நாள் இல்லாவிட்டால், அதைத் தாங்க முடியாமல் அடங்கிக் கிடந்த சாதாரணப் பச்சைப் பாசி தலையெடுக்கும், சில வாரத்தில் இவற்றை மூடி அழித்துவிடும்.

எழுந்து போய்ப் பார்த்தேன். நான் மெச்சிய இளம்பச்சை, கண்ணாடியின் பாதிவரை வந்திருக்கிறது.

மோட்டாரை நிறுத்தினேன். வீடு சத்தமில்லாமல் போயிற்று.

ஜூலை 28, ஞாயிறு

நாற்றம் இல்லை. குமிழ், ஏழு மணிக்கு.

ஜூலை 29, திங்கள்

எழுந்ததும் பல் துலக்கக்கூடப் போகாமல் தொட்டியின்மேல் குனிந்து முகர்ந்தேன். கடல் வாசம். நல்ல சுத்தமான வாசம். வெறுத்துவிட்டது. குமிழ், ஏழேகால்.

பிரிஜித் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கொர்னேலியா, செபம் சொல்றியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

ஜூலை 30, செவ்வாய்

லியோனியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. பச்சைப் பாசியைத் தெருக்காரர்கள் பாராட்டிவிட்டுப் போக, நான் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று நச்சரித்தாள். சொன்னேன்.

"நாத்தம் வரணுமா? அதுக்கா இவ்வளவு பாடு? நாலு முட்டைய ஒடச்சி ஊத்துங்க மதினி!"

"எதையும் உள்ள போடக்கூடாதுன்னு எழுதியிருக்கா."

"அப்ப மட்டும் தாளப் பாத்தியளாக்கும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை அவளிடம் சொல்வது நியாயமாகாது.

ஆனால் அவள்தான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மூடியின் ஓரத்தில் மோட்டார்க் குழாய் நுழைந்த இடத்தில் மூடி சரியாக உட்காரவில்லை. "இது வழியா காத்து போய்ட்டுப் போய்ட்டு வந்தா எப்பிடி மதினி அழுகும்?" மீன் கருவாடு போடுகிற குடும்பத்தில் பிறந்தவள், அழுகுவது பற்றித் தெரியும்.

ஈஸ்டர் மெழுகுவத்தியின் அடிக்கட்டை பீரோவில் இருந்தது. உருக்கி மூடியைச் சுற்றிலும் அடைத்தேன். அடைத்துவிட்டால் எப்படி முகர்வது? அப்போதுதான் பதக்கம் நினைவுக்கு வந்தது. இந்த வாயு பட்டால் வெள்ளி கறுக்கும். அலமாரியில் ஏன் மங்கியது என்று இப்போது தெரிகிறது. அடைப்பதற்கு முன், மூடியின் உள்பக்கம் நூலில் கட்டி, நீரில் படாமல் தொங்கவிட்டேன்.

"ஐயோ மதினி, ஒங்க பதக்கம்!" என்று லியோனி மார்பில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அது கிடைக்கவில்லை. அதே கான்வென்ட்டில் அவள் வகுப்பில் அது ஒரு புதுக்கோட்டைப் பெண்ணுக்குப் போயிற்று.

ஜூலை 31, புதன்

பதக்கம் வெள்ளை. குமிழ், ஏழு மணி.

ஆகஸ்ட் 1, வியாழன்

பதக்கம் வெள்ளை. பச்சை இன்னும் ஒரு விரல் ஏறியிருக்கிறது. கரும்பச்சைப் படலம் விளிம்பில் சுருண்டிருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை, பிரிஜித் வைத்த தேங்காய்ப்பால் சொதியில் உப்பு அதிகம் என்பது காரணம்.

கிழக்கு ஜன்னல் உள்ள வீடு கிடைத்ததா என்று லியோனியிடம் கேட்டேன். போல்டன்புரத்தில் ஒன்று இருக்கிறதாம். கேட்டதற்குக் காரணம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பதக்கத்தின் ஓரம் மஞ்சளாக இருக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மஞ்சள்தான். லியோனியைக் கூப்பிட்டேன். அவள் தன் கண்ணாடியை எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள். வந்து பார்த்து, "மஞ்சள்தான் மதினி, காமாலை கண்ட மாதிரி" என்றாள். முதல் குமிழ், எட்டரை மணி.

எட்டரை!

ஆகஸ்ட் 3, சனி

பதக்கம் கறுத்துவிட்டது. முழுவதும். 'தூய்மை' என்ற எழுத்துக்கள் தெரியவில்லை.

மெழுகைக் கத்தியால் கீறி மூடியை ஒரு விரல் தூக்கினேன். அடித்தது! கண்ணில் நீர் வந்தது; அந்த வாயு கண்ணை எரிக்கும் என்று கட்டுரையிலும் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

ஏழு மணி, குமிழ் இல்லை. எட்டு, இல்லை. லியோனி காபியோடு வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது, இல்லை.

"செத்துப் போச்சா மதினி?"

"வாய மூடு. வேலையில இருக்கு."

பத்து, இல்லை. பிரிஜித்தும் வந்து நின்றாள். ஜெபமாலையை எடுத்தவள் அதை வைத்துவிட்டு முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பதினொன்றுக்குச் சற்று முன்னால் கரும்பச்சைப் படலத்தின் நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒன்று மினுங்கியது. நின்றது. பெரிதாயிற்று. மேலே ஏறியது.

லியோனி கை தட்டினாள். நான் நேரத்தை எழுதினேன். கண்ணாடியில் ஏறிய இளம்பச்சை மஞ்சளாகிக் கழன்று விழுந்துகொண்டிருந்தது.

வெள்ளிச் சாமான் தேய்க்கும் நாள் இன்று. மற்றவற்றைத் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா திருவிழா. பகல் சாப்பாட்டுக்குப் பதினாலு பேர். நாற்றம் இருந்தது. பிரிஜித்தின் மருமகன், "ஆன்ட்டி, எங்கயோ எலி செத்திருக்கு" என்றார்.

"அது எங்க மருமவ" என்றாள் லியோனி.

சாப்பாட்டு அறை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. நானும் சிரித்தேன் என்று பிரிஜித் சொல்கிறாள். முதல் குமிழ், பத்தேமுக்கால்.

ஆகஸ்ட் 7, புதன்

பிரிஜித் கிளம்பிவிட்டாள். மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். அடித்து மூன்று ஆண்டு ஆகிறது. ஜன்னலுக்கு முன்னால் இருந்த முருங்கைக் கிளையையும் வெட்டச் சொன்னேன். கிழக்கு வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாலை நாலு மணிக்கு வந்தாள். கறுத்து, மெலிந்திருக்கிறாள். கப்பலில் தினமும் மீனாம். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனாள்.

"மாமி, இதென்னுங்க உங்க மெடலு உள்ள தொங்குது?"

இந்த நோட்டை அவளிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் கிழிக்கவில்லை, ஒரு வரி அடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து படித்தாள். நான் சமையலறையில் இருந்தேன். பாத்திரங்கள் ஏற்கெனவே கழுவியிருந்தன, மறுபடி கழுவினேன்.

ஒரு இடத்தில் "அய்யோ" என்றாள். அது மோட்டாராக இருக்க வேண்டும். பிறகு சிரிப்பு, அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"மாமி, இங்க வாங்க. காத்து அடிச்சா என்ன ஆகும், நிறுத்துனா திரும்பி வருதான்னு பாக்கோணும்னு எனக்கு ரண்டு வருசமா ஆசைங்க. பாத்திய மூடுனதுக்கப்பறம் இருக்கறது ஒரே தொட்டி, செத்துப்போச்சுன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டு தொடவே இல்ல."

"நான் தொட்டுட்டேன்."

"தொட்டதோட நிக்காம தெனமும் குமிழ் நேரத்த எழுதி வெச்சிருக்கீங்க! ஏழு, எட்டரை, அப்புறம் பதினொண்ணு. திரும்பி வந்துருச்சுங்க மாமி."

"எழுதச் சொன்னது நீதான். செத்திருந்தா?"

"செத்திருந்தா அழுதிருப்பேங்க. ஒரு தடவை நடந்ததை வெச்சு எதையும் சொல்ல முடியாது. கொஞ்சம் வெட்டி எடுத்துத் தனித்தனியா வெச்சு மறுபடி பண்ணோணும். ஆனா இனி பயமில்லை."

போல்டன்புரம் வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. மாடி அறையைக் காட்டினேன். கிழக்கு ஜன்னலில் கை வைத்து நின்றாள். சுண்ணாம்பு கையில் ஒட்டிற்று. இறங்கும்போது படியில் திரும்பி, "பாக்கலாங்க மாமி" என்றாள்.

ஆகஸ்ட் 10, சனி

பூங்கோதைக்கு.

'பார்க்கலாம்' என்பது பதிலாகாது. கடிதப் பிரிவில் அப்படி ஒரு பதில் வந்தால் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே எழுத்தில் கேட்கிறேன்.

மாடி அறை உனக்கும் உன் தொட்டிகளுக்கும். எத்தனை தொட்டி என்பது உன் விருப்பம். நாற்றத்தைப் பற்றி நான் வாய்விட்டுச் சொல்லமாட்டேன் என்று நினைத்திருக்கிறாய், தவறு. சொல்லுகிறேன்: காலை பதினொரு மணிவரை அதற்கு உரிமை உண்டு. அதற்குள் அதை வைத்து ஒரு வேலை நடக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். நானும் பழகுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுப்பவள்தான். மறுபடி காற்றடிக்க வேண்டிய தொட்டிக்கு ஜோனாஸின் மோட்டாரை எடுத்துக்கொள். அது ஓடும் நாட்களில் மாடிக் கதவைத் திறந்து வை.

இன்று காலை பல்பொடியோடு என் பதக்கத்தைத் தேய்க்க எடுத்தாய். வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.

கட்டுரையின் மூன்றாம் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன்.

இந்த வீட்டில் இருப்பாயா, மாட்டாயா என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, திங்கட்கிழமைக்குள் என் மேசையில் வை.